வாத்து இருக்கும் இடமே விட்ட இடம்

இந்தக் கதையில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. எந்த இடம் என்று இப்போதே சொன்னால் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்வீர்கள். அதனால் சொல்வதாக இல்லை. நடுவில் சிரிப்பு முட்டினால் அடக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு கால் முறிய வேண்டும், ஒரு மனைவி கோபித்துக்கொண்டு போக வேண்டும், வயல் நிறைய வாத்து வர வேண்டும். நிறைய வேலை கிடக்கிறது.

முதலில் கால்.

ஓடைக்கல்பட்டி செங்கல் சூளையில் கல் அறுக்கிற சன்னாசி, புளியமரத்தில் ஏறிப் புளி உலுக்கினான். உலுக்கியது தான் நின்ற கிளையை. புளியும் விழுந்தது, அவனும் விழுந்தான். மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது கோம்பைமலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தான். "காலு கூடுச்சுன்னா உன் மலைக்கு நடந்தே வாரேன் முருகா."

கால் கூடியது. அந்தக் காலோடு சன்னாசி சந்தைக்குப் போனான், சினிமாவுக்குப் போனான், மாடுபிடி பார்க்கப் போனான். மலைக்கு மட்டும் போகவில்லை.

அடுத்து மனைவி. ஒச்சம்மாவின் பேச்சைப் படிக்கும்போது இடுப்பில் ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் சரியாக வரும்.

"சாமிக்குச் சொன்னதையே செய்யாத ஆளு, எனக்குச் சொன்னதையா செய்யப் போற? நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். தைப்பூசத்தன்னைக்கு மலைக்கு வருவேன். நீ நடந்து வந்து சாமி கும்பிட்டா உங்கூட வீட்டுக்கு வாரேன். இல்லைன்னா அங்கிருந்தே திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன். பனியன் கம்பெனியில சொல்லி வச்சாச்சு."

போய்விட்டாள். சன்னாசி மூன்று வேளையும் தானே சமைத்துத் தானே சாப்பிட்டான். அதன்பிறகு மலைமேல் அவனுக்குப் பக்தி பொங்கியது.

ஓடைக்கல்பட்டியிலிருந்து கோம்பைமலைக்கு வாய்க்கால் கரையும் வயல் வரப்புமாக ஒரு நடைபாதை உண்டு. விடியலில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்தில் மலை. ஊரார் எல்லோரும் ஒரே நாளில் நடப்பார்கள். ஆனால் ஊர்ப் பூசாரி சன்னாசியின் காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒட்டுப்போட்ட காலு. ஒரே மூச்சா நடக்காதப்பா. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா நட. வீட்டுக்கு பஸ்ல வா, பரவாயில்லை. ஆனா அடுத்த வாரம், எந்த இடத்துல விட்டியோ அதே இடத்துல இருந்துதான் தொடங்கணும். ஒரு அடி தள்ளினாலும் சாமி ஏத்துக்காது. பாதையில பாம்பு கிடக்கும், நாயைக் கூட்டிட்டுப் போ. நாய் முன்னால போகணும், நீ பின்னால போகணும்."

நல்ல வார்த்தைகள். யாரிடம் சொன்னோம் என்பதைத்தான் பூசாரி கவனிக்கவில்லை.

சன்னாசியோடு சூளைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் மொக்கையன், பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி குரல். இன்னொருவன் காத்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு பீடி பற்றவைக்கலாம், அவ்வளவு நிதானம். அதனாலேயே அவனுக்கு அறிவாளி என்று பெயர். நாய் சன்னாசியுடையது. உட்காருகிற தோரணையைப் பார்த்து ஊரே அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தது. பெயருக்கு மரியாதை தந்து மூவரும் அதை "அவரு இவரு" என்றுதான் சொல்வார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சிக்கல். தாசில்தார் முன்னால் போகவில்லை. பின்னாலேயே வந்தார். மூவரும் நின்றால் அவரும் நின்றார்.

"பூசாரி சொன்னபடி நடக்கலையே," என்றான் சன்னாசி.

"அவரைத் தூக்கி முன்னால வைப்போம்," என்றான் மொக்கையன்.

வைத்தார்கள். அவர் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார்.

காத்தான் வரப்பில் உட்கார்ந்து யோசித்தான். "அவரு... நமக்கு... பின்னால நிக்காரு. ஏன் பின்னால நிக்காரு? நம்ம மூஞ்சி... அந்தப் பக்கம் இருக்கு. மூஞ்சியை... இந்தப் பக்கம்... திருப்பிட்டா?"

திருப்பினார்கள். தாசில்தார் இப்போது அவர்களுக்கு நேர் முன்னால் நின்றார்.

"கோயிலுக்குப் போற புத்தி இதான்," என்று காத்தானின் தோளைத் தட்டினான் சன்னாசி.

அப்புறம் மூவரும் முதுகுப்புறமாகவே மலையை நோக்கி நடந்தார்கள். தாசில்தார் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி நடந்தார். வாய்க்கால் வளைகிற இடத்தில் மூவரும் வளையாமல் போய் உள்ளே விழுந்தார்கள். தாசில்தார் கரையில் நின்று குரைத்தார்.

"பாம்பு இருக்குன்னு சொல்றாரு," என்றான் மொக்கையன், கழுத்தளவு தண்ணீரில்.

சிரிக்காதீர்கள். இது அந்த இடம் இல்லை.

மதியத்துக்கு மேல் சன்னாசியின் கால் வலித்தது. நின்ற இடம் கதிர் அறுத்த வயல். வயல் முழுக்க வாத்து. அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கிற நெல்லுக்காக வாத்துக்கிடை போட்டு, ஒரு வயல் முடிந்ததும் அடுத்து எந்தத் திசையில் அறுப்போ அங்கே ஓட்டிப் போவார்கள் அல்லவா, அப்படி வடக்கேயிருந்து வந்தவர் முனிரத்தினம். கையில் நீளக் கழி, தலையில் துண்டு. பனைமரத்தடியில் சாய்ந்துகொண்டு மூவரின் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விட்ட இடத்துக்கு அடையாளம் வைக்கணும்டா. கல்லு வைப்போமா?" இது சன்னாசி.

"எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?" என்றது பானைக் குரல்.

"அப்ப இந்தப் பனைமரம்?"

"வெட்டிட்டா?"

காத்தான் வாயைத் திறந்தான். மற்ற இருவரும் காத்திருந்தார்கள். "வாத்து... இருக்கே. கல்லு ஒண்ணு. மரம்... ஒண்ணு. வாத்து... இம்புட்டு. இம்புட்டையும்... எவன்... தூக்கிட்டுப் போவான்?"

முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தார். திடகாத்திரமான ஆள் மூன்று, நாய் ஒன்று, கூலி இல்லை. அவருடைய கண் பளிச்சென்றது.

"கரீட்டா சொன்னாருபா அவரு," என்றார். "வாத்து எங்க கீதோ, அதான் நீங்க வுட்ட எடம். வர்ற ஞாயித்துக்கெழம வாத்து எங்க கீதுன்னு பாத்து, அங்கேர்ந்து நடங்க. ஆனா ஒண்ணு. வாத்த இங்கியே வுட்டுட்டு நீங்க மட்டும் போனா, அப்பால அடுத்த வாரம் எந்த எடம்னு எப்டித் தெரியும்? போற வழிக்கெல்லாம் வாத்தயும் ஓட்டிக்கினு போணும்."

இத்தனை தெளிவாக யாரும் அவர்களுக்கு எதையும் சொன்னதில்லை. சன்னாசி கும்பிட்டான்.

வீட்டுக்கு பஸ் ஏறும்போதும், தாசில்தார் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று மூவரும் அவரைப் பார்த்தபடி முதுகுப்புறமாக ஏறினார்கள். கண்டக்டர், "நாயெல்லாம் ஏத்தக்கூடாது," என்றார்.

"தாசில்தாரு அண்ணே."

"யாருய்யா தாசில்தாரு?"

"கீழ நிக்காரு. காலைத் தூக்கிட்டு டயர்ல ஒண்ணுக்குப் போறாரு பாருங்க."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஊர் வரும்வரை அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அதன்பிறகு வாரா வாரம் இதே ஊர்வலம். முதலில் வாத்துகள். அடுத்து முதுகால் வாத்துகளைத் தள்ளிக்கொண்டு மூவர். கடைசியில், அதாவது அவர்கள் பார்வையில் முன்னால், தாசில்தார். முனிரத்தினத்துக்கு ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. காலையில் கழியை மொக்கையன் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை விரிப்பார், சாயங்காலம் பீடி புகைத்தபடி பின்னாலேயே வந்து வாத்துகளை வாங்கிக்கொள்வார். திங்கட்கிழமை எந்தப் பக்கம் அறுப்போ அந்தப் பக்கம் ஓட்டிப் போவார். ஒரு வாரம் கிழக்கே. ஒரு வாரம் தெற்கே. பல வாரம் வந்த வழிக்கே.

"போன வாரம் மலை நமக்கு வலப்பக்கம் இருந்துச்சு. இந்த வாரம் இடப்பக்கம் இருக்கு," என்று ஒருநாள் கவலைப்பட்டான் சன்னாசி.

"அது முருகன் மலைடா," என்றான் மொக்கையன். "அவரு உலகத்தையே சுத்துனவரு. அவரு சுத்துனா மலை மட்டும் சும்மா இருக்குமா?"

சன்னாசிக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் இரவில் ஒச்சம்மாவின் சேலை காயாத கொடியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான்.

தைப்பூசம் அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. விடியலிலேயே மூவரும் வாத்தைத் தேடிக் கிளம்பினார்கள். பஸ் ஏறத் தேவையே இருக்கவில்லை. வாத்துகள் ஒரு சூளைக்குப் பின்புறத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்தன.

"நம்ம சூளை மாதிரியே இருக்கு," என்றான் சன்னாசி.

"அது வேற ஊரு, வேற சூளை," என்றான் மொக்கையன். "நாம எம்புட்டோ தூரம் வந்துட்டோம்."

"லாரியும் நம்ம லாரி மாதிரியே இருக்கு."

"இருக்கட்டும். அவங்க ஊர்லயும் கல்லு ஏத்தணும்ல."

ஆனால் மலை மட்டும் எங்கோ தூரத்தில் நீலமாக, கட்டைவிரல் அளவில் தெரிந்தது. சன்னாசி அதைப் பார்த்தான். வரப்பில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். "இன்னைக்குப் பொழுதுக்குள்ள எப்படிடா போறது? ஒட்டுப்போட்ட காலை வச்சுக்கிட்டு? அவ பஸ் ஏறிருவா."

தாசில்தார் அவன் முழங்கையை நக்கினார். முனிரத்தினம் பனையடியில் வழக்கம்போல் துண்டு விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காத்தான் வாயைத் திறந்தான். இந்த முறை அவன் பேசி முடிக்கச் சூரியன் ஒரு பனை உயரம் ஏறியது. நான் சுருக்கிச் சொல்கிறேன். "வாத்து இருக்கிற இடம்தான் விட்ட இடம். வாத்து மலையில இருந்தா, விட்ட இடம் மலையில இருக்கும். விட்ட இடத்துல இருந்து மிச்சத்தை நடந்தாப் போதும். அப்ப வாத்தை லாரியில ஏத்தி மலைக்குக் கொண்டு போவோம்."

மொக்கையனுக்கு ஒரே ஒரு சந்தேகம். "லாரியில போனா நடந்தது ஆகுமாடா?"

"நாம... போகலை. இடத்தை... எடுத்துட்டுப் போறோம். இடத்துக்கு... வேண்டுதல்... இல்லை."

சூளை லாரி சும்மாதான் நின்றது. டிரைவர் தவமணியும் பூசத்துக்கு மலைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். 'அவங்க ஊர் டிரைவரும் நம்ம டிரைவர் மாதிரியே இருக்காரு' என்று மூவரும் வியந்துகொண்டார்கள்.

"என்னடா, வாத்தெல்லாம்?" என்றார் தவமணி.

"விட்ட இடத்தை மலைக்குக் கொண்டு போறோம்ணே."

தவமணி இவர்களோடு பல வருடமாக வேலை பார்ப்பவர். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பலகையைச் சாய்த்துவிட்டார். ஞாயிறென்றால் இந்த முதுகுகளோடு போக வேண்டும் என்று வாத்துகளுக்கும் பழகியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சமர்த்தாக ஏறின. முனிரத்தினத்தை எழுப்பலாமா என்று சன்னாசி கேட்டான். "பாவம், லீவு நாளு," என்று மொக்கையன் தடுத்துவிட்டான்.

கோம்பைமலை என்பது பெயருக்குத்தான் மலை. பெரிய கரடு, பாறைக் குன்று. கோயில் வாசல்வரை லாரி ஏறும். வாசலுக்கு எதிரே குளம். வாத்துகளைக் குளத்தில் இறக்கினார்கள். பூசத்துக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. யாருக்கோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று சிலர் வாத்துகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள்.

இனி விட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டும். தாசில்தாரைப் பார்த்து நின்று, மூவரும் முதுகுப்புறமாகக் கோயிலுக்குள் புறப்பட்டார்கள். பாதி தூரத்தில் உள்ளேயிருந்து சர்க்கரைப் பொங்கல் வாசம் வந்தது. தாசில்தார் மூவரையும் தாண்டிக் கோயில் பக்கம் ஓடினார். அவர் இருக்கும் பக்கம்தானே முன்பக்கம்? மூவரும் திரும்பினார்கள். இத்தனை வாரத்தில் முதல்முறையாகச் சன்னாசி கோயிலை முகத்துக்கு நேராகப் பார்த்தான். வாசலில் கையில் துணிப்பையோடு ஒச்சம்மா நின்றாள்.

"நடந்து வந்தியா?"

"விட்ட இடத்துல இருந்து ஒரு அடி தள்ளாம நடந்தேன்."

"எங்க விட்ட?"

அவன் குளத்தைக் காட்டினான். ஒச்சம்மா வாத்துகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மற்ற இருவரையும் பார்த்தாள். காத்தான் நடந்ததையெல்லாம் விளக்க வாயைத் திறந்தான். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திருப்பூர்ல போயி உக்காந்து, இந்த ஆளு இன்னைக்கு எங்க விழுந்து கிடக்கோன்னு நினைச்சுக்கிட்டே தைக்கிறதுக்கு," என்று கூட வந்திருந்த தன் அண்ணனிடம் சொன்னாள், "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம்." பையை எடுத்துச் சன்னாசியின் தோளில் மாட்டினாள். சன்னாசி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அசடு வழிய நின்றான்.

இப்போது, பனையடியில் ஒரு துண்டு விரித்திருந்ததே, அங்கே போவோம்.

முனிரத்தினம் கண் விழித்தபோது வயல் காலி. லாரிச் சக்கரத் தடமும் நாலு வாத்து இறகும்தான் மிச்சம். வரப்பில் கிழக்கும் மேற்கும் ஓடினார். "வாத்து ஏத்தின லாரி பாத்தியாபா?" என்று எதிரில் வந்தவரைக் கேட்டார். "இப்பத்தான் இப்படிப் போச்சு," என்று அவர் மலைப்பக்கம் கை காட்டினார். முனிரத்தினம் ஓடினார். அடுத்த ஊரில் கேட்டார். அங்கேயும் "இப்பத்தான்". பூசத்து பஸ்களில் படிக்கட்டில்கூட இடமில்லை. இப்பத்தான், இப்பத்தான் என்று ஊருக்கு ஊர் சொல்ல, வாய்க்கால் கரையிலும் வரப்பிலுமாக, செருப்பறுந்து, வெறுங்காலோடு நடந்தார்.

பாதையெல்லாம் காவடி. "என் வாத்தே, என் வாத்தே" என்று அழுதுகொண்டே வந்தவரைப் பார்த்து, முருகனை இப்படியொரு பெயரில் யாரும் அழைத்ததில்லையே என்று பக்தர்கள் உருகிப்போனார்கள். காலில் தண்ணீர் ஊற்றினார்கள். மோர் கொடுத்தார்கள். ஒரு அம்மா அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரோ மாலை போட்டார்கள். யாரோ தோளில் ஒரு காவடியை ஏற்றிவிட்டார்கள். இறக்கிவைக்க அவருக்கு நேரமில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில், மாலையும் காவடியுமாக முனிரத்தினம் மலையேறினார். குளத்தில் வாத்துகள் பொரி தின்றுகொண்டிருந்தன. கரையில் சன்னாசியும் ஒச்சம்மாவும் மற்றவர்களும் பொங்கல் தின்றுகொண்டிருந்தார்கள்.

சன்னாசி எழுந்து பயபக்தியோடு அவர் காலில் விழுந்தான். "ஒரே நாள்ல முழுசா நடந்தே வந்துட்டீங்களே அண்ணே. எங்களால வாரக்கணக்கா முடியலையே. உங்களுக்கு என்ன வேண்டுதல்ணே?"

முனிரத்தினம் வாத்துகளைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். கொப்புளம் வெடித்த தன் காலைக் குனிந்து பார்த்தார். தோளிலிருந்த காவடியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக, மெதுவாக, காத்தானின் வார்த்தைகளைவிட மெதுவாக, விளங்க ஆரம்பித்தது.

"டேய்," என்றார், "நான் ஒண்ணியும் வேண்டிக்கவே இல்லியேடா."