முகாமுக்கு அழைத்த வெள்ளத்தாய்

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவே உள்ள ஊத்தடி என்னும் சிற்றூரில் வெள்ளத்தாய் அம்மையார் வாழ்ந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரை கூட்டுவதும் கழிவறை கழுவுவதும் அவர் வேலை. விடியுமுன் முப்புடாதி அம்மன் கோயில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுப் பணிக்குப் போவார். அவர் உள்ளே வந்தால் சிலர் முகம் சுளித்தார்கள். அதற்காக அம்மனிடம் அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், பேச்சிக்கனி. மாதவிலக்கு இல்லாத நாளிலும் உதிரம் போவதை வெட்கத்தால் தாயிடம்கூடச் சொல்லாமல் மறைத்தாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது இடுப்பெங்கும் பரவியிருந்தது. முப்பத்தாறு வயதில், ஓர் ஆடி வெள்ளியன்று, தாய் மடியிலேயே உயிர் விட்டாள்.

"பல வருசமா வலியில்லாம வளருற நோய்ம்மா இது. முன்னாடியே சோதிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று செவிலியர் எஸ்தர் சொன்னது அம்மையார் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வழக்கம்போல் கோயில் வாசலைப் பெருக்கினார். "இனி இந்த ஊர்ல எந்தத் தாயும் இப்பிடி அழக்கூடாது. அதுக்கு நான் அலையுதேன். நீ கூட வா ஆத்தா" என்று மட்டும் வேண்டினார்.

அன்று முதல் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனார். முப்பது வயது கடந்த பெண்களை, சுகாதார நிலையத்தில் நடக்கும் புற்றுநோய்ச் சோதனை முகாமுக்கு அழைத்தார். பலர் கதவைச் சாத்தினர். அன்னக்கிளி என்பவள் தெருவே கேட்கக் கத்தினாள்: "பெத்த மவள முழுங்கிட்டு, எங்களையும் நோயாளியாக்கப் பாக்கியா?"

அம்மையார் அடுத்த வீட்டுக்கு நடந்தார். முதல் முகாமுக்கு மூன்று பேர்தான் வந்தார்கள்.

ஏழாம் ஆண்டில் அன்னக்கிளிக்கே அந்த நோய் முற்றிய நிலையில் தெரிந்தது. வாடை தாங்காமல் உற்றார் ஒதுங்கிப் போக, அம்மையார்தான் அவளுக்குத் துணி மாற்றினார், கஞ்சி ஊட்டினார். சாகும் முன் அவள் தன் மருமகள் குருவம்மாளை அழைத்து, "நான் போவாம கெட்டேன். நீயாவது இவ கூடப் போளா" என்றாள்.

குருவம்மாள் போனாள். நோயாக மாறக்கூடிய அறிகுறி அவளிடம் அப்போதே தென்பட்டது. அதை அந்த நிலையிலேயே குணப்படுத்தினார்கள். அதைக் கண்டு மற்றப் பெண்களும் வரத் தொடங்கினர். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் வந்தனர். அன்னக்கிளிக்குப் பின் பதின்மூன்று ஆண்டுகளாக அந்த நோய்க்கு ஊத்தடி ஒரு பெண்ணையும் கொடுக்கவில்லை.

அந்தப் பதின்மூன்றாம் ஆண்டுக் கோயில் கொடை விழாவில், கண் மங்கிப்போன அம்மையார் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். அருள் வந்த சாமியாடி ஊர்ப் பெரியவர்களை எல்லாம் கடந்து வந்து அவர் கையைப் பற்றினார்.

"நீ ஏறுன வாசல் எல்லாம் ஒம் பின்னாலதான் நின்னேன், மவளே!"

அம்மையார் நிமிர்ந்து கேட்டார்: "எம் மவ பேச்சிக்கனி வாசலுக்கு மட்டும் ஏன் வரல, ஆத்தா?"

மேளம் நின்றது. சாமியாடியின் கண்களில் நீர் தாரையாய் வழிந்தது. அம்மையார் தம் முந்தானையால் அதைத் துடைத்து, "சரி, அழாத" என்றார்.

தாம் பட்ட துயரம் இன்னொரு தாய்க்கு வராமல் காத்த வெள்ளத்தாய் அம்மையாரை வணங்குவோம்.