பட்டன் இல்லாத கையுறை

மருதமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு, கை செயலிழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையத்தில் தமயந்தியிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். தமயந்திக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

அவள் செய்வது கையுறை. ஒவ்வொரு விரலின் உள்பக்கத்திலும் மெல்லிய கம்பி ஓடும், மணிக்கட்டில் சின்ன மோட்டார் இருக்கும். மோட்டார் கம்பியை இழுத்தால் விரல் மடங்கும்.

மருதமுத்து தனியாகச் செய்த முதல் கையுறை கதிரேசனுக்கு. லாரி விபத்தில் அவன் வலது கை நரம்பு அடிபட்டிருந்தது. விரல்கள் லேசாகத் துடிக்கும், அதற்குமேல் வராது. அடுத்த வியாழக்கிழமை கல்யாணம். தாலியைத் தன் கையால்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தான்.

ஒத்திகைக்குப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை மேஜைமேல் வைத்தார்கள். அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு. முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும் என்பதால் மருதமுத்து யோசித்து யோசித்து மோட்டாரை ஓட்டும் பட்டனைத் தரையில் வைத்திருந்தார். கதிரேசன் கால் கட்டைவிரலால் அமுக்கினான். விரல்கள் சடக்கென்று மூடின, கயிறு இறுகியது. அழகான முடிச்சு. மருதமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

கதிரேசன் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, தாலியைக் காலால அமுக்கியா கட்டச் சொல்றீங்க?"

மருதமுத்துவுக்குச் சுருக்கென்றது. இந்த லட்சணத்தில் அவரும் தாலி கட்டியவர்தான்.

"நான் எங்க அக்காவுக்கு போன் பண்ணிடறேன். இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்" என்று இடது கையால் போனை எடுத்தான் கதிரேசன்.

"ஒரு பத்து நிமிஷம் பொறுங்க" என்றாள் தமயந்தி. அவன் போனை மடியில் வைத்தான். அவள் கத்தரியை எடுத்துப் பட்டனுக்குப் போகும் வயரை வெட்டினாள்.

"டீச்சர்! பட்டன் இல்லாம அது எப்படி ஓடும்?"

"கண்டன்சர் போன ஃபேன் உங்க கடைக்கு வந்தா எப்படிண்ணே ஓட்டிப் பார்ப்பீங்க?"

"குச்சியால ஒரு தள்ளு தள்ளுவோம். அப்புறம் தானா சுத்தும். ஆனா அது கோளாறு டீச்சர்."

"அந்தக் கோளாறு உள்ள கையுறைதான் இவருக்கு வேணும்."

இழுப்பறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கதிரேசனின் முழங்கைக்குக் கீழே ஒட்டினாள். தசை துடித்தால் அறிந்து மோட்டாருக்குச் சொல்லும் பட்டை அது. சில நேரம் எடுக்கிறது, சில நேரம் எடுப்பதில்லை என்று மருதமுத்து ஒதுக்கிப் போட்டிருந்தார். சுவிட்சைப் போட்டால் ஓட வேண்டும், அதுதான் அவருடைய தொழில் சுத்தம்.

"விரலை மடக்குங்க" என்றாள் தமயந்தி.

கதிரேசன் முயன்றான். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. அவன் நெற்றியில் வியர்த்தது. மருதமுத்து தன்னையறியாமல் தன் விரலையும் மடக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை ஆள்காட்டி விரல் துடித்தது. மோட்டார் மெதுவாக முனகி எழுந்தது. கம்பி இழுத்தது. விரல் போன வேகத்தில் கையுறையும் போனது, விரல் தயங்கியபோது அதுவும் தயங்கியது. ஒரு மோட்டார் ஒரு ஆளுக்காகக் காத்து நிற்பதை மருதமுத்து அன்றுதான் பார்த்தார்.

தமயந்தி குடத்துக் கயிற்றை அவிழ்த்து அவன் விரல்களுக்குள் கொடுத்தாள். முடிச்சு விழுந்தது. கோணல் முடிச்சு, ஆனால் அவிழவில்லை.

கதிரேசன் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு அடங்கியது.

"தொடங்கினது நான். இழுத்து முடிச்சது மோட்டார். இதை நான் கட்டினதுன்னு கல்யாணப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

போன் இன்னும் மடியில்தான் இருந்தது. மருதமுத்து தமயந்தியைப் பார்த்தார்.

"அவர் கேக்கறது நியாயம்தானே டீச்சர்? முக்கால்வாசி வேலை மோட்டாருது. அப்போ கட்டினது யாரு?"

தமயந்தி குடத்தின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க கல்யாணத்துல நீங்க எத்தனை முடிச்சுண்ணே போட்டீங்க?"

"ஒண்ணு. எல்லாரும் போடறதுதான்."

"மீதி ரெண்டு?"

"பின்னால நின்னு எங்க அக்கா போட்டாங்க."

கதிரேசன் நிமிர்ந்து பார்த்தான். தமயந்தி கயிற்றை அவன் மடியில், போனுக்கு மேல் வைத்தாள்.

"அப்போ அண்ணி கழுத்துல கிடக்கறது யாரு கட்டின தாலிண்ணே?"

மருதமுத்து குடத்தைக் கதிரேசன் முன்னால் நகர்த்தி வைத்தார். கதிரேசனின் ஆள்காட்டி விரல் கயிற்றின் மேல் துடித்தது, மோட்டார் முனகியது.