மாக்கல் அடுப்பும் தோசை மாவும்

என் வாய் கொஞ்சம் நீளம்னு கோத்தகிரியில எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு மொய்து டீக்கடையில அது வழக்கத்தை விட நீளமா ஓடுச்சுன்னா, காரணம் பயம். குளிர் தாங்காம கரூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த என் சம்சாரம் பூங்கோதை, மேட்டுப்பாளையம் பஸ்ல வந்துகிட்டிருந்தா. போகும்போதே தீர்த்துச் சொல்லிட்டுத்தான் போனா: "அந்த வீட்டுல என்னைக்குத் தோசை மாவு பொங்குதோ, அன்னைக்கு வர்றேன்." பொங்கிடுச்சுன்னு நானும் போன்ல அளந்துட்டேன். காலையில பார்த்தா மாவுல ஒரு குமிழி இல்ல. வந்து பார்த்தா, அடுத்த பஸ்ல திரும்பிடுவா.

அதை மறைக்கத்தான் பாய்லரை ஒட்டி உக்கார்ந்து கதையளக்க ஆரம்பிச்சேன்.

நம்ம வீடு வெள்ளைக்காரன் கட்டினதப்பா. ஊருக்குப் போறப்ப குளிரை மட்டும் எடுத்துட்டுப் போக மறந்துட்டான். ராத்திரி என் பல் செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டா, அது பாட்டுக்குத் தனியா கடகடன்னு நடுங்கும். அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு. யோசிச்சேன். கல்சட்டியில வத்தக்குழம்பு இறக்கி வெச்சப்பறமும் கொதிக்குதில்ல, அதே மாக்கல்லுல ஆளுயரத்துக்கு விறகடுப்பு வெச்சா வீடே கொதிக்குமே? சேலம் பக்கம் சொல்லிச் செஞ்சு வாங்கினேன். என்னா கனம்! கொண்டை ஊசி வளைவுல லாரி திரும்பல, மலைதான் திரும்புச்சு.

"அதான் எங்க வீட்டு வாசல் இப்ப மேற்கே பார்க்குதா?"ன்னான் போஜன். இந்த ஊர்லயே பொறந்தவன், நான் சொன்னது எதையும் இது வரைக்கும் நம்பினதில்ல.

அதுக்கு நான் பொறுப்பில்லன்னுட்டு கதையை மேல ஓட்டினேன். புதுக் கல்சட்டியை வடிகஞ்சி ஊத்திப் பழக்கணும், இல்லன்னா விரிசல் விடும். அடுப்பும் அதே கல்லுதானேன்னு இந்த மண்டைக்குத் தோணுச்சு. ஊர்க் கஞ்சியெல்லாம் வாங்கிக் குடம் குடமா ஊத்தினேன். வாசனைக்குக் காட்டெருமைக் கூட்டமே வந்து வாசல்ல வரிசை கட்டுச்சு. நான் கதவைத் திறந்தா, பின்னாடி போய் நில்லுங்கற மாதிரி முறைக்குதுங்க.

பத்த வெச்சா கல்லு சூடேறவே இல்ல. (நான் சொன்னதுல நெசம் இது ஒண்ணுதான்.) விறகு தீர்ந்துச்சு, நாற்காலி தீர்ந்துச்சு. தரையில தொப்புன்னு விழுந்தப்பறம்தான் தெரிஞ்சுது, படுத்திருந்த கட்டிலையும் எரிச்சுட்டேன்னு. அப்பறம் ஏறுச்சு பாரு சூடு, இறங்கவே மாட்டேங்குது. மேட்டுப்பாளையத்துக் கொசுவெல்லாம் குடும்பத்தோட மேல வந்துருச்சு. அடுக்களையில கிடந்த தேங்காய் முளைச்சு, கூரையைத் தாண்டிருச்சு, நேத்து இளநீர் பறிச்சேன்.

மொய்து டீயை ஆத்திக்கிட்டே, அப்ப அந்தக் குரங்கு குல்லாவையும் ரெண்டு ஸ்வெட்டரையும் கழட்டிட்டுப் பேசுங்கன்னார். கழட்டுவேன், உள்ள இருக்கற சூட்டுல உங்க கடை பத்திக்குமேன்னு பார்க்கறேன்னேன்.

மாவு கதைக்கு வந்தேன். அடுப்புப் பக்கத்துல ஒரு கரண்டி மாவுதான் வெச்சேன். பாத்திரத்தை விட்டு, ஜன்னல் வழியா இறங்கி, ரோட்டுக்குப் போயி பஸ்ஸை மறிச்சுச்சு. கண்டக்டர் அதுக்கிட்ட டிக்கெட் கேட்டாராம்.

"அந்த ரோட்டுலதான் இப்ப நடந்து வந்தேன். ஒரு சொட்டு மாவு இல்லையே?"

"எப்படி இருக்கும் போஜா? வரிசையில நின்ன காட்டெருமைங்க சும்மாவா நின்னுச்சு?"

கடையே சிரிச்சுது. அந்த நேரம் பார்த்து பஸ் ஹாரன் கேட்டுச்சு. பூங்கோதை ஒரு பெரிய மூட்டையோட இறங்கினா. என் குல்லாவைப் பார்த்தா, ஸ்வெட்டரைப் பார்த்தா, ஒழுகுற மூக்கைப் பார்த்தா.

"ஏனுங்க, மாவு பொங்குச்சா?"

அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கறாங்க. நான் ஜன்னல், ரோடுன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள கையை நீட்டி நிறுத்திட்டா.

"தெரியுமுங்க. நீங்க போன்ல விட்ட சூட்டுல கரூர்ல எங்க மாவும் பொங்கிருச்சு. கட்டிலோட எங்கண்ணனைத் தூக்கிட்டுப் போயி அமராவதி ஆத்துல விட்டுருச்சு. அங்க இருக்க இடமில்ல, அதான் வந்துட்டேன்."

போஜன் எந்திரிச்சு அவளுக்கு உக்கார இடம் விட்டான். எனக்கு அந்த மரியாதை இன்னை வரைக்கும் கிடைச்சதில்ல.

மூட்டையை வாங்கினேன், அடுப்பை விடக் கனம். உள்ள என்னன்னு கேட்டேன்.

"கம்பளிங்க. உங்களுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு."