வெருளி மூடிய மடை

நறுக்கென்று ஒரு சத்தம். வாய்க்குள் இருட்டாய்க் கிடந்ததால் உள்ளே இருந்தவர்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெளியே எவளோ பச்சை மாங்காய் அரிகிறாள் என்பது மட்டும் விளங்கியது. உறுப்புகளும் நரம்புகளும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், முத்தரசி என்ற தினைக்காட்டுக்காரியின் உடம்புக்குள் நடந்த கதை இது.

சத்தம் கேட்டதுமே உச்சியிலிருந்த மூளையார், "சாந்தாயி, மடைக்குப் போ" என்றார்.

சாந்தாயியும் வெருளியும் அக்கா தங்கை. மூளையாரின் சொல்லைச் சுமந்து ஓடும் நரம்புகள். அக்கா போய் நின்றால், நாக்கடியில் மடை காக்கும் ஊறன் எழுந்து "வாம்மா தாயி" என்று திறந்துவிடுவான். எச்சில் குளுகுளுவென்று ஓடும். மேலிருந்து சொல் வராமல் அவன் மடையில் கை வைப்பதில்லை. வந்த சொல்லைச் சந்தேகப்பட்டதும் இல்லை.

வெருளியின் பாடு வேறு. புலி, பாம்பு, இடி என்றால்தான் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் போனால் இதயம் அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்த்துப்போகும். "வந்துட்டாளா" என்பார்களே தவிர ஒருவரும் உட்காரச் சொன்னதில்லை. அக்கா ஈரக்காலோடு திரும்பும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

"இன்னைக்கும் தாயின்னாரா?"

"ஆமாடி. நீயும் ஒருநாள் வாயேன்."

"எனக்கென்ன வேலை அங்க? புலிக்குப் பல்லு குத்தவா?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் ஈரமாய்த்தான் இருந்தது.

மறுநாள் முத்தரசி வறுத்த தினைமாவைக் கைநிறைய அள்ளி வாயில் போட்டாள். சாந்தாயி கிளம்புவதற்குள் வெருளி, அதுவரை எவரும் நடக்காத ஒரு வழியில் இறங்கி ஓடினாள்.

"ஊறன் மாமா, புலி வருது. மடையை இறுக்கி மூடுங்க. அக்கா வந்தாலும் திறக்காதீங்க, பயத்துல உளறுவா."

ஊறன் மூடினான். மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்து, "உக்காரும்மா" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை நாளும். உட்கார்ந்தாள்.

மேலே மாவு அப்பிக்கொண்டது. நாக்கு புரளவில்லை. தொண்டைக்குள் கட்டியாய் இறங்கி மூச்சை அடைத்தது. முத்தரசிக்குக் கண் பிதுங்கியது. சாந்தாயி ஓடிவந்து மடையைத் தட்டினாள்.

"திறங்க மாமா. செத்துருவா."

"புலின்னு உன் தங்கச்சி சொன்னாளே."

இருவரும் வெருளியைப் பார்த்தார்கள். பேசாமல் இருந்தால் அந்த இடம் அவளுடையது. பேசினால் இனி யாரும் உட்காரச் சொல்லப்போவதில்லை.

"புலி இல்ல மாமா," என்றாள். "திறங்க."

எச்சில் பாய்ந்தது. மாவு கரைந்து இறங்கியது. முத்தரசிக்கு மூச்சு வந்தது.

மூளையார் அவளை வையவில்லை. "நீ மிதிச்ச வழி இனிமே தூர்ந்துபோகாது. மடை உனக்கும் உண்டு. நெசமாவே பயம் வந்தா உன் அக்காவை இங்கயே பிடிச்சு வச்சுக்கிறேன், நீ மட்டும் போ. ஆனா உன் சொல்லுக்கு ஊறன் பசை மாதிரி ஒரு நூல் எச்சில்தான் விடுவான்."

மாங்காய் அரியும் சத்தத்துக்கே நமக்கு வாய் ஊறுவது சாந்தாயியால். பயந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அன்று முதல்தான். ஆசைப்பட்ட வாசலில் வெருளி தனியே நிற்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.

முத்தரசி மீதி மாவை மூட்டைகட்டித் தலையில் வைத்து மேடு ஏறினாள். விரைந்து அடிக்கும்படி இதயத்துக்குச் சொல் கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. வெருளி எழுந்து, காலில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைக்காமல் நடந்தாள்.