ஆட்டப் பெட்டிக்கு எவ்வளவு இடம்?

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் இருளப்பன், கடைத்தெருவில் கேம் பெட்டி விற்பவர். "இதுக்கு எவ்வளவு ஸ்டோரேஜ் வேணும்?" என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். தன் வியாபாரத்துக்கே குழி பறிக்கும் கதையை ஒரு கடைக்காரர் ஏன் சொல்ல வேண்டும்? அதுதான் என் உறுத்தல். இருக்கட்டும், கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாங்கரையை மருதராயர் என்ற அரசர் ஆண்டார். நாட்டில் மற்றதெல்லாம் எப்படியோ, அரசருக்குப் பொழுது போகவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் சீமை வியாபாரி ஒருவன் ஆளுயர மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பொம்மை யானைகள் மோதும், படகுகள் ஓடும். அரசர் பெட்டியை வாங்கினார். அதற்கென்று அவன் காட்டிய ஆட்டங்கள் அத்தனையும் வாங்கினார். அவை வண்டி வண்டியாக வந்தன.

"இதெல்லாம் பெட்டிக்குள் அடங்கும் என்றாயே?"

"அடங்கும் பிரபு. ஆனால் உள்ளே பாதி இடத்தைப் பெட்டியே எடுத்துக்கொள்ளும்."

"மீதிப் பாதி?"

"அதில் ஒரு யானைச் சண்டை வைக்கலாம். யானைகளைக் கொஞ்சம் நெருக்கினால்."

அரசருக்கு இது நியாயமாகப் பட்டது. "களஞ்சியத்தைக் காலி செய்யுங்கள்" என்றார்.

களஞ்சியத்தில் இருந்தது விதைநெல். வானத்தில் மேகம் கட்டியிருந்தது. நெல்லை முற்றத்தில் கொட்டினால் ஒரே மழையில் பாழாகும், அந்த வருடம் விதைப்பு இல்லை. சபையில் எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே எல்லோரும் பெட்டியின் அழகைப் புகழ்ந்தார்கள்.

அமைச்சர் வன்னியப்பர் மட்டும் கேட்டார். "எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்தாயிற்றா?"

"நீரே அளந்து சொல்லும். இடம் போதாவிட்டால் உம் வீட்டையும் காலி செய்வேன்."

"உத்தரவு. ஒரு வழக்கம் இருக்கிறதே, அரசே. நீங்கள் ருசி பார்க்காத எதுவும் களஞ்சியத்துக்குள் போவதில்லை. புதுநெல்லைக்கூட நீங்கள் ஒரு கவளம் உண்ட பிறகுதான் உள்ளே விடுகிறோம். ஆட்டத்துக்கு ருசி என்றால் ஒருமுறை ஆடி முடிப்பது. முடித்ததையெல்லாம் அளந்துவிடுகிறேன்."

"ஆடத்தானே வாங்கினேன்" என்று அரசர் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறுங்கள் பிரபு" என்றான் வியாபாரி. "இந்த யானைகளுக்குத் தும்பிக்கை சரியில்லை. திருத்திய தும்பிக்கைகள் துறைமுகத்திலிருந்து வருகின்றன."

"நேற்றுத்தானே வாங்கினேன்?"

"அதனால்தான். நேற்றையது பழசு."

"சரி, படகு?"

"அதற்குப் பாய் வந்துகொண்டிருக்கிறது. பாயை வைக்க இன்னொரு பெட்டி வேண்டும்."

அரசர் கொட்டாவி விட்டார். வன்னியப்பர் கரித்துண்டால் தரையில் கோடு போட்டார். மடியிலிருந்து புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் எடுத்தார். ஆடுபுலி ஆட்டம். "சும்மா, காத்திருக்கும் நேரத்துக்கு" என்றார்.

அரசர் புலியை எடுத்துக்கொண்டார். தும்பிக்கைகள் வந்தன. "இரு, ஒரு ஆடு தப்பப் பார்க்கிறது" என்றார் அரசர். பாயும் வந்தது. அரசர் நிமிரவில்லை. பல நாள் இப்படியே போயிற்று. ஒரு மாலை மழை பிடித்தது. வண்டிகள் நனைந்தன. விதைநெல் களஞ்சியத்தில் காய்ந்து கிடந்தது.

மழைச் சத்தத்தில்தான் அரசருக்கு நினைவு வந்தது. "என்ன ஓய், இடத்தை அளந்தீரா?"

"அளந்துவிட்டேன்."

"நனைகிற பொம்மைகளையும் சேர்த்தா?"

"அவற்றில் ஒன்றையும் நீங்கள் ஆடி முடிக்கவில்லை. வழக்கப்படி அவை களஞ்சியத்துக்குள் போகாது. நீங்கள் முடித்தது ஒரே ஆட்டம்." வன்னியப்பர் கொட்டைகளையும் கற்களையும் பொறுக்கி முடிந்துகொண்டார். "அதற்கு என் மடியே போதும், அரசே. அதிலும் வெற்றிலைக்கு இடம் மிச்சம்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். வண்டிகள் வந்த வழியே திரும்பின. நெல் வயலுக்குப் போனது.

கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரித்த கையோடு, இருப்பதிலேயே பெரிய ஸ்டோரேஜ் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் ஏன் இதைச் சொல்கிறார் என்பது அப்படித்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் அரசர்கள் அப்படிச் சிரிப்பார்களா என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் இருளப்பனிடம் கேட்டேவிட்டேன்.

"அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய பெட்டி வந்திருக்குமே. அப்போ வன்னியப்பர் சபையில இருந்தாரா, இல்ல அரசர் துரத்திட்டாரா?" என்றேன்.