பாரிஸில் ஒரு காப்புக் கயிறு

"அம்மா, இனிமே இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் கையை நீட்ட மாட்டேனுங்க" என்றார் சீடர்.

"சரிங்கண்ணா" என்றார் குரு. அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

சீடருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஓர் ஆறுதல், ஓர் உபதேசம், குறைந்தபட்சம் ஒரு "அடடா". எதுவும் வரவில்லை. ஒரு சுளைதான் வந்தது.

சீடர் குழந்தைவேலுவுக்கு வயது அறுபத்தாறு. காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். குரு வேலாத்தாளுக்கு நாற்பத்தைந்து. அதே ஊரில் சைக்கிள் கடை மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற சிறு கூட்டத்துக்குத் தியானம் சொல்லித் தருபவர். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை அம்மா என்பார். ஊரில் யாருக்கும் இது வினோதமாகப் பட்டதில்லை.

இருவரும் பாரிஸுக்கு வந்தது ஒரு கல்யாணத்துக்கு.

சீடரின் தம்பி பொன்னுசாமி உயிரோடு இல்லை. தம்பி மகன் தரணிதரனுக்கு நாளை காலை முகூர்த்தம். அப்பன் இடத்தில் நின்று தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பெரியப்பாதான். குலதெய்வம் கோயிலில் வைத்துப் பூஜை செய்து வாங்கிய தாலி அவரிடம்தான் இருந்தது. சின்ன வெள்ளிச் சிமிழில் வைத்து, வேட்டிக்குள்ளே போட்டிருந்த பட்டாபட்டி டவுசர் பைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார்.

தனியாக வரப் பயந்துதான் குருவையும் அழைத்து வந்தார்.

இன்று காலையில் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒரு குன்று தெரிந்தது. குன்றுக்குப் படிக்கட்டு. உச்சியில் வெள்ளை வெளேரென்று ஒரு கோயில். நம் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மாதா கோயில் என்று தெரிந்தும் சீடர் வாய்க்குள் "அரோகரா" சொல்லிவிட்டார்.

அடிவாரத்தில் ஒருவன் கலர் கலராய்க் கயிறு வைத்துக்கொண்டு நின்றான். கோயில் காப்புக் கயிறு என்று சீடர் நினைத்துக்கொண்டார்.

சீடர் வலது கையை நீட்டினார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கண்ணை மூடி, மாப்பிள்ளை பொண்ணு நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டார். கயிறு இறுக இறுக அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

கண்ணைத் திறந்தபோது கையில் கயிறு இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த பை இல்லை. போனும் பர்ஸும் அதோடு போய்விட்டன. கயிறு கட்டியவனும் இல்லை.

"நல்லவேளை, பாஸ்போர்ட் உங்ககிட்ட இருந்துச்சுங்க" என்றார் சீடர். "தாலியும் தப்புச்சுது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலீங்கம்மா."

"கேளுங்க."

"அவன் முதல்ல உங்ககிட்டத்தானுங்க வந்தான். நீங்க ஒரு கும்பிடு போட்டீங்க. அவனும் சிரிச்சுட்டு நகர்ந்துட்டான். உங்களை விட்டுட்டு என்னைய மட்டும் ஏனுங்க புடிச்சான்?"

குரு கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

"நான் எங்கீங்க பாத்தேன்? கண்ணை மூடிட்டு இல்ல இருந்தேன்."

"மூக்கோரத்துல ஒரு தழும்பு. பாவம், குளிருக்குக் கையுறைகூட இல்லை. பேசுறது என்கிட்ட, பார்க்கறது என் பையை."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லைங்கண்ணா. பழம் சாப்பிடுங்க."

சீடருக்குப் பழம் இறங்கவில்லை.

குருவின் போனில் தரணிதரனைக் கூப்பிட்டார்கள். அவன் பதறிப்போனான்.

"பெரியப்பா, போனது போகட்டும். நான் சொல்றதைக் கேளுங்க. யாரையும் நிமிர்ந்து பாக்காதீங்க. யாராச்சும் கூப்பிட்டா நிக்காதீங்க. பதில் பேசாதீங்க. நடந்துட்டே இருங்க. அவ்வளவுதான்."

பார்க்காதே, நிற்காதே, பேசாதே. குரு கொடுத்த மந்திரத்தை இன்றுவரை பாதியில் மறந்துபோகிற மனுஷன், இதை ஒரே தடவையில் மனப்பாடம் செய்துவிட்டார்.

மெட்ரோ ரயிலுக்குப் போகும் வழியில் நின்றார். டவுசர் பையைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"இனி இங்க வெக்கக் கூடாதுங்கம்மா."

"ஏனுங்கண்ணா, பத்திரமாத்தானே இருந்துச்சு?"

"இந்நேரம் எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குமுங்க."

"யார் சொன்னாங்க?"

"நான்தான் காலையில இருந்து தொட்டுத் தொட்டுக் காட்டிட்டு இருக்கனேங்க!"

குரு முதல்முறையாகச் சிரித்தார். அவர் காலையிலேயே தன் பையைத் தன் கழுத்தில் மாட்டி வயிற்றுப் பக்கம் தொங்கவிட்டு, மேலே சால்வை போர்த்தியிருந்தார். அதன்பின் அதைத் தொட்டதே இல்லை.

ஒரு சுவரோரமாக ஒதுங்கிச் சிமிழை வெளியே எடுத்த சீடர் அதை ஸ்வெட்டருக்குள் வைத்தார். பிடிக்கவில்லை. காலுறைக்குள் வைத்தார். குத்தியது. கடைசியில் சிவப்புக் கரை போட்ட துண்டின் முனையில் முடிந்து, துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டார்.

"இப்ப எவன் வர்றான்னு பாக்கறேன்."

"பாக்கப் போறீங்களா?" என்றார் குரு.

"இல்லீங்க. பாக்க மாட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ரயில் நிலையம் பூமிக்கு அடியில் இருந்தது. நல்ல கூட்டம். புழுக்கம் வேறு. சீடருக்கு வேர்த்தது. ஸ்வெட்டரைத் தளர்த்தினார். துண்டை உருவி முகத்தைத் துடைத்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஐம்பது வருஷப் பழக்கம். கை செய்த வேலை தலைக்குத் தெரியவில்லை.

கூட்டம் இடித்தது. அவர் தலையைக் குனிந்தபடி நடந்தார்.

"மொஸ்யூ!"

பின்னால் ஒரு பெண் குரல்.

பார்க்காதே.

"மொஸ்யூ! மொஸ்யூ!"

நிற்காதே. சீடர் வேகத்தைக் கூட்டினார்.

"அண்ணா, யாரோ உங்களைத்தான் கூப்பிடறாங்க" என்றார் குரு.

"அதுதானுங்க அவுங்க தொழிலே! வாங்கம்மா, வெரசா வாங்க!"

பின்னால் காலடிச் சத்தம் ஓடி வந்தது. சீடரும் ஓடினார். எதிரே ரயில் நின்றிருந்தது. கதவு மூடப் போகிற சத்தம் கேட்டது. உள்ளே பாய்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

தப்பித்தோம் என்று திரும்பினார்.

குரு உள்ளே இல்லை. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சடை சடையாய்ப் பின்னல் போட்ட ஒரு பெண். அவளுக்கு மூச்சிரைத்தது. கண்ணாடிக்கு நேராக எதையோ தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

சிவப்புக் கரை. முனையில் முடிச்சு.

சீடர் தோளைத் தடவினார். வெறும் தோள்.

ரயில் நகர்ந்தது.

அவர் கண்ணாடியை அறைந்தார். "நிறுத்துங்க! சாமி, நிறுத்துங்க!" என்று கத்தினார். ரயிலுக்குத் தமிழ் தெரியவில்லை. இருட்டுக்குள் நுழைந்துவிட்டது.

போன் இல்லை. பாஷை இல்லை. ஏறிய நிலையத்தின் பேர்கூடத் தெரியாது. அம்மா அங்கே, தாலி அங்கே, விடிந்தால் கல்யாணம். ஆஸ்பத்திரியில் பொன்னுசாமி கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் கல்யாணத்துல என் எடத்துல நீ நின்னுக்கோண்ணா" என்று கேட்டது ஞாபகம் வந்தது. சீடர் அழுதுவிட்டார். யார் பார்த்தால் என்ன என்று அழுதார்.

மூக்கைத் துடைக்கத் துண்டைத் தேடினார். அதுவும் இல்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியில் மனிதர்கள் இருந்தார்கள்.

ஒரு கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கால்சட்டையெல்லாம் பெயிண்ட் தெறித்த ஒருவன் கைப்பிடியில் தொங்கியபடி கண் சொருகினான். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். சாயங்காலம் காங்கேயம் பஸ்ஸிலும் இதே முகங்கள்தான்.

அடுத்த நிலையத்தில் இறங்கினார்.

இறங்கிய உடனே ஒருவன் வந்தான். நல்ல கோட்டு. பளபளவென்று பூட்ஸ். "இந்தியா? இந்தியா?" என்று சிரித்தபடி தோளில் கை போட்டான். பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, சீடரின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

ஆபத்துக்கு வந்த தெய்வம் என்று சீடருக்குத் தோன்றியது. கால் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டது.

பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. கண் ஸ்வெட்டர் பையில் இருந்தது. இன்னொரு கை வரைபடத்துக்குக் கீழே மறைந்திருந்தது.

சீடர் ஓடவில்லை. திட்டவும் இல்லை. ஓர் அடி பின்னால் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து, நன்றாக ஒரு கும்பிடு போட்டார்.

"வேண்டாங்க தம்பி."

அவன் ஒரு கணம் விழித்தான். வரைபடத்தை மடித்தான். கூட்டத்தில் கலந்துவிட்டான்.

சீடர் நின்ற இடத்திலேயே நின்று பிளாட்பாரத்தை ஒரு சுற்று பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தூரத்துப் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் யாரையும் தேடவில்லை. கால் வலிக்கிறாற்போல் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

சீடர் அவளிடம் போனார்.

"ஏனுங்கம்மிணி" என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

சீடர் தமிழிலேயே சொன்னார். தோளைத் தட்டிக் காட்டினார். முடிச்சுப் போடுவதுபோல் காட்டினார். கழுத்தில் தாலி கட்டுவதுபோல் காட்டினார். ரயில் வந்த திசையைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினார். ஒரே ஒரு ஸ்டேஷன், தாயே.

அவளுக்குத் தாலி புரிந்ததோ என்னவோ, கண்ணீர் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். படி ஏறி, படி இறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ரயில் வரும்வரை கூடவே நின்றாள். கதவு திறந்ததும் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, அதே ஒரு விரலைக் காட்டி எச்சரித்தாள். அவளுடைய ரயில் எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நிலையம்தான். சீடருக்கு அது காங்கேயத்திலிருந்து பாரிஸுக்கு வந்த தூரத்தைவிட நீளமாக இருந்தது. அந்தப் பெண் இருப்பாளா? இவ்வளவு நேரம் எவள் காத்திருப்பாள்? திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிய கிழவனுக்காக அவள் ஏன் நிற்க வேண்டும்?

கதவு திறந்தது. படி ஏறி மறுபக்கத்துக்கு இறங்கினார்.

பெஞ்சில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆரஞ்சுத் தோல். குரு ஒரு சுளையை அந்தப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். துண்டை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் ஒரு கையை ஊன்றியிருந்தாள். குருவிடம்கூட அவள் அதைக் கொடுத்திருக்கவில்லை.

சீடரைக் கண்டதும் எழுந்தாள். அவர் முகத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்தான் என்று உறுதியான பிறகு நீட்டினாள். முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

சீடர் வலது கையை நீட்டினார். இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

"காலையில என்னமோ சொன்னீங்களே அண்ணா" என்றார் குரு. "இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கையை நீட்ட மாட்டேன்னு?"

துண்டு கைக்கு வந்துவிட்டது. சீடர் குரு பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு இடது கன்னத்தில் ஒரு குழி. நெற்றியில் இன்னும் வேர்வை. முன்பல்லில் ஒன்று சற்றே கோணல்.

"சித்தெ இருங்கம்மா" என்றார். "இன்னும் பாத்து முடிக்கலீங்க."