ராசாவின் ஈரச் செருப்பு

“இடிச்சுத் தள்ளு! ஒரு குடிசை மிஞ்சக் கூடாது!”

மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார் வேம்பூர் ராசா. தோல் தெருவில் ஆவாரம்பட்டைத் தண்ணியில் தோலை ஊறப்போடும் வாடை அரண்மனை வரைக்கும் வந்துவிட்டதாம். பக்கத்தில் கருவூலக்காரர் அனந்தப்பர் விசிறிக்கொண்டு நின்றார். தெரு காலியானால் அங்கே அவருக்கு ஒரு தோப்பு. அதுதான் விஷயம்.

“செருப்புக்கென்ன? துறைமுகத்துல பளபளன்னு வாங்கிக்கலாம் ராசா” என்றார்.

அவையில் வேடிக்கைப் பேச்சுக்கென்றே இருந்த மயிலேறி யோசித்தான். அத்தனை குடும்பமும் எங்கே போகும்? ராசாவோ சொன்ன சொல்லைத் திரும்ப வாங்காதவர்.

“இடிச்சிடலாம் ராசா. ஆனா உங்க திருவிழாச் செருப்பு பாதியில நிக்குதே?”

“அப்ப அது முடிஞ்ச அன்னிக்கே நீயே நின்னு இடிக்கணும்!”

செருப்பு வந்தது. சொட்டச் சொட்ட ஈரம். அதைத் தைத்த தோல் தெருப் பொன்னுருவியே கொண்டுவந்தாள்.

“போட்டவங்க கால்லயே காயணும் சாமி. நடந்துகிட்டே இருங்க. அப்பதான் காலுக்குப் படியும். காயற வரைக்கும் வேலை முடியல.”

மயிலேறிக்கு உயிர் வந்தது. ராசாவை வயக்காட்டுக்குக் கூட்டிப்போனான். விசிறியோடு அனந்தப்பரும் பின்னால் வந்தார்.

“வரப்புல முள்ளு கிடக்கு ராசா. வாய்க்கால்ல இறங்கிடுங்க.”

மறுநாளும் அதே வழி. அதற்கு மறுநாளும். சளக், புளக். ராசாவின் விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது.

“டேய் மயிலேறி! இது காயவே காயாதா?”

“எப்படி ராசா காயும்? வாய்க்கால்ல தண்ணி ஓடுதே.”

“இந்தக் கோடையில ஏதுடா தண்ணி?”

மயிலேறி கையைக் காட்டினான். கிணற்று மேட்டில் மாடுகள் இழுக்க, பெரிய தோல் சால் ஒன்று நிறையத் தண்ணீரோடு ஏறி வந்து வாய்க்காலில் கொட்டியது. கிணற்றுக்குக் கிணறு அதே மாதிரி சால்.

“எல்லாம் தோல் தெருவுல தைச்சது. தெருவை இடிச்சா, கிழிஞ்ச சாலைத் தைக்க ஆள் இருக்காது. வாய்க்கால் காஞ்சிடும், செருப்பும் அருமையாக் காஞ்சிடும். பயிரும் காயும், ஊர் வயிறும் காயும். அதுக்கென்ன? பளபளன்னு சோறும் துறைமுகத்துலயே வாங்கிக்கலாம், இல்லீங்களா அனந்தப்பரே?”

அனந்தப்பர் விசிறியால் முகத்தை மறைத்தார். ராசாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த வேகத்தில் வழுக்கி வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கழுத்து மாலையைக் கழற்றி மயிலேறிக்குப் போட்டார். கட்டிலை வாடை வராத பக்கமாக மாற்றிப் போடவும் சொன்னார்.

ஆனால் உத்தரவு உத்தரவுதான். செருப்பு காய்ந்த அன்றைக்கே மயிலேறி நின்று தெருவை இடிக்க வேண்டும்.

மயிலேறி முடியாது என்றே சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் வந்து, ராசாவை வாய்க்கால் வழியாகவே கூட்டிப்போகிறான்.